கூடிப்போன பத்து வயது

"ஏத்தா சீனி, உங்க மிசினு என்னையப் பத்து வயசு கூட்டிக் கிழவனாக்கிருச்சாமே, நெசந்தானா?"

பசுமலை பஸ் நிறுத்தத்தில், நின்றிருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி சங்கிலி இப்படிக் கேட்டபோது சீனியம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சங்கிலி அப்படிப்பட்ட ஆள். மில்லில் நூல் ஓட்டுகிறவர். கல்யாண வீட்டில் அவர் பந்தியில் உட்கார்ந்தால் அந்த வரிசையில் நாலு பேருக்காவது புரையேறும். அவர் மகள் செல்லக்கிளியும் சீனியம்மாளும் ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள். அந்த உரிமையில், இவளைக் கண்டால் ஒரு சீண்டல் சீண்டாமல் அவர் நகரமாட்டார்.

"என்ன மாமா சொல்றீக?"

"மில்லுல காகிதம் குடுத்துட்டாய்ங்கத்தா. எனக்கு அறுபது ஆயிருச்சாம். நான் பாட்டுக்கு அம்பதுன்னு நெனச்சுத் திரிஞ்சுக்கிட்டிருந்தேன். கம்ப்யூட்டர்ல வந்திருச்சு, வீட்டுல போயி உக்காருன்னுட்டாய்ங்க. நீயும் எம்மகளும் அதுக்குப் பக்கத்துலதான இருக்கீக? மாமனுக்காக அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திருநகர் பஸ் வந்து, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு வடிந்தது. அது என்ன கணக்காகப் பத்து? ஏழு இல்லை, பன்னிரண்டு இல்லை. பத்து.

அந்தப் பத்து அவளை ஏன் உறுத்தியது என்று தெரிய வேண்டுமானால் தீபாவளிக்கு முந்தைய கதையைச் சொல்லவேண்டும்.

பசுமலையில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது அந்தக் கணிப்பொறி நிலையம். ஊர்க்காரர்களுக்கு அது கம்ப்யூட்டர் ஆபீஸ். உள்ளறை முழுக்க பீரோ பீரோவாக நின்ற அந்தப் பெரிய இயந்திரத்துக்குத்தான் குளிர்சாதனம். மனிதர்களுக்கு மின்விசிறி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் யாரும் உள்ளே போகவேண்டும். சுற்றுவட்டாரத்து மில்களின் சம்பளக் கணக்கும், கூட்டுறவுச் சங்கங்களின் வரவு செலவும் அங்கே அட்டைகளாக மாறி, இயந்திரத்துக்குள் போய், அகலமான காகிதத்தில் அச்சாகி வெளியே வரும்.

அட்டை என்றால் விறைப்பான, நீளவாக்கான அட்டை. பஞ்ச் மெஷினில் ஓர் எழுத்தைத் தட்டினால் அட்டையில் அந்த எழுத்துக்குரிய இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். தட்டுகிற கை தவறாமல் இருக்குமா? அதனால் ஒருத்தி தட்டிய அட்டையை இன்னொருத்தி, அதே தாளைப் பார்த்து, வேறொரு மெஷினில் முதலிலிருந்து தட்டவேண்டும். இருவர் தட்டியதும் ஒத்துப்போனால் அந்த மெஷின் அட்டையின் வலது ஓரத்தை அரைவட்டமாக ஒரு கடி கடித்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். கடி இல்லை. கடிபட்ட அட்டைகளைக் கட்டாக அடுக்கினால் ஓரத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் நேராக ஓடும். அந்தப் பள்ளத்தில் பெருவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் புரோகிராம் எழுதுகிற சிவசங்கரன் கட்டை உள்ளே எடுத்துப் போவார்.

செல்லக்கிளி தட்டுகிறவள். சீனியம்மாள் சரிபார்க்கிறவள்.

சீனியம்மாளுக்கு அந்த வேலை வாய்த்தது அவள் வாயால்தான், அதாவது வாய் இல்லாததால். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். ஒரு நாள் புத்தகப் பையோடு வீட்டுக்கு வந்தவள் மறுநாள் போகவில்லை. டைப்ரைட்டிங் மட்டும் கற்றுக்கொண்டாள். டைப்ரைட்டர் யாரையும் எழுந்து நின்று பேசச் சொல்வதில்லை. சரிபார்க்கும் மெஷினும் அப்படித்தான்.

அந்த வருஷம் மேற்கே இருந்த, சங்கிலி வேலை பார்த்த பஞ்சாலை கைமாறியது. புது முதலாளி கணக்கு வேலையை மெட்ராஸிலிருந்து எடுத்துப் பசுமலைக்குக் கொடுத்தார். தொழிலாளர் விவரமெல்லாம் ஒரே ஒரு டேப்பில் மெட்ராஸிலிருந்து வந்தது. டேப்பை வட்டத் தகர டப்பாவில் போட்டு, கூடவே ஒரு கட்டு அட்டையும் அச்சடித்த தாள்களும் வைத்து லாரி பார்சலில் அனுப்பியிருந்தார்கள். ஐப்பசி மழை சும்மா விடுமா? டப்பாவுக்குள் இருந்த டேப் தப்பியது. தாள்கள் ஓரம் நனைந்ததோடு போயிற்று. அட்டைகள் ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி வந்து சேர்ந்தன.

சிவசங்கரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த அட்டைதான் புரோகிராம். இது இல்லாம டேப் இருந்தும் பிரயோஜனம் இல்லை" என்றார்.

"ஏன் சார், டேப்பத்தான் மெஷின் படிக்குமே?" என்று செல்லக்கிளி கேட்டாள். கேள்வி எல்லாம் அவள் கேட்பாள். சீனியம்மாள் காதை மட்டும் கொடுப்பாள்.

"இடத்தை மிச்சம் பண்ண எல்லாத்தையும் சுருக்கி வெச்சிருக்காங்கம்மா. பத்துக் காலியிடம் வரிசையா வந்தா அதுக்கு ஒரே குறி. முப்பதுகள்ல பிறந்தவங்க நிறைய பேர் இருப்பாங்க இல்லையா, அந்த ஒண்ணு, ஒன்பது, மூணுங்கிற முதல் மூணு இலக்கத்துக்கும் சேர்த்து ஒரே குறி. எந்தக் குறிக்கு எதுன்னு ஒரு பட்டியல் இந்தப் புரோகிராமுக்குள்ள இருக்கு. அதைப் பார்த்து, சுருங்கினதைத் திரும்ப விரிக்கணும்."

"அப்பளம் மாதிரின்னு சொல்லுங்க சார். அடுக்கி வச்சா ஒரு சாண் கட்டு. பொரிச்சா அண்டா கொள்ளாது."

சிவசங்கரனே சிரித்துவிட்டார். "அதேதான். அப்போ இந்தப் புரோகிராம்தான் சட்டி."

அன்று முதல் அந்தப் புரோகிராமுக்கு அப்பளச் சட்டி என்றே பெயர். நல்லவேளையாக அச்சடித்த தாள்களில் அது முழுசும் இருந்தது. தாளைப் பார்த்துச் செல்லக்கிளி அட்டைகளை மறுபடி தட்டவேண்டும், சீனியம்மாள் சரிபார்க்கவேண்டும், தீபாவளி விடுமுறைக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி டேப்பை விரித்துவிடவேண்டும் என்று ஏற்பாடு.

தட்டுகிறவளுக்கும் சரி, பார்க்கிறவளுக்கும் சரி, அது மாதிரி ஒரு கொடுமையான வேலை கிடையாது. சம்பளக் கணக்கென்றால் பெயர் வரும், ஊர் வரும், கை தானாக ஓடும். இதில் வார்த்தையென்று ஒன்றும் இல்லை. எண்ணும் எழுத்தும் கட்டெறும்பு வரிசையாகப் போய்க்கொண்டேயிருக்கும். ஆனாலும் சீனியம்மாள் கடைசிக் கட்டு வரை ஒழுங்காகத்தான் பார்த்தாள். கடைசிக் கட்டு அவள் மேஜைக்கு வந்த அன்றைக்குத்தான் வீட்டில் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் காலையிலேயே "சார், இன்னிக்கு என்னையப் பொண்ணு பாக்க வாராக, நேரத்தோட போகணும்" என்று சொல்லியிருப்பாள். அறை முழுக்கக் கேலி செய்திருக்கும், சிவசங்கரனும் போகச் சொல்லியிருப்பார். சீனியம்மாளுக்கு அந்த வாக்கியத்தை நினைத்தாலே காது சிவந்தது. சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளலாம் என்று மத்தியானம் வரை தள்ளினாள். முந்தின கட்டே அப்போதுதான் முடிந்தது, கடைசிக் கட்டு தொடாமல் கிடந்தது. சிவசங்கரன் வேறு இரண்டு தரம் கதவில் எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்று கேட்டுப் போனார்.

அவள் பைக்குள் அண்ணன் நல்லகாமனின் பஞ்ச் இருந்தது. நல்லகாமன் திருமங்கலம் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட்டில் ஓட்டை போடுகிற அந்தக் கைக்கருவிக்கு ஸ்பிரிங் போய்விட்டது என்று கடையில் கொடுத்திருந்தான். காலையில் வாங்கி வைத்து, சாயங்காலம் தன்னிடம் தரச் சொல்லியிருந்தான். புது ஸ்பிரிங்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு டேப் அலமாரிக்குப் பின்னால் போனாள். ஓரத்தில் பாதி பதியும்படி வைத்து அமுக்கினாள். அரைவட்டம். மெஷினின் கடியைவிட ஒரு மயிரிழை பெரிது, அவ்வளவுதான். அடுத்த அட்டை. அடுத்தது. செல்லக்கிளி கை தவறுகிறவளா என்ன, இந்த ஆபீஸிலேயே சுத்தமான கை அவளுடையதுதானே என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தது. சாயங்காலம் சிவசங்கரன் கட்டை வாங்கி, பள்ளத்தில் பெருவிரலை ஓட்டினார். "சரிதானே சீனியம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லவில்லை என்பதுகூட அப்போது அவளுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். இன்று வரை சொல்லி அனுப்பவில்லை.

அட்டைகள் கம்ப்யூட்டருக்குள் போயின. புரோகிராம் தடையில்லாமல் ஏறிக்கொண்டது. சிவசங்கரன் டேப்பின் தொடக்கத்திலிருந்து கொஞ்சம் பேரை விரித்து அச்செடுத்துப் பார்த்தார். தொடக்கத்தில் இருந்தவர்கள் மில் ஆபீஸ் குமாஸ்தாக்கள், எல்லோரும் நாற்பதுகளில் பிறந்தவர்கள். பெயர் சரி, ஊர் சரி, வயது சரி. திருப்தியோடு முழு டேப்பையும் விரித்து மில்லுக்கு அனுப்பினார். மெட்ராஸ்காரர்கள் டேப்பைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். பொங்கல் கழித்து அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்ததால் டப்பா அலமாரி மேல் தட்டில் உட்கார்ந்தது.

புது முதலாளிக்கு ஆள் குறைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. விரிந்து வந்த காகிதத்தில் ஓய்வு வயதான ஐம்பத்தெட்டைத் தாண்டியவர்கள் என்று ஒரு கூட்டமே கிடைத்தது. கார்த்திகை பிறந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காகிதம் கொடுத்தார்கள். யூனியன்காரர்கள் கேட்டில் நின்று கத்தினார்கள், பழைய ரிஜிஸ்டரைக் காட்டு என்றார்கள். ரிஜிஸ்டர் கரையானுக்குப் போய்ப் பல வருஷமாகியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் வைத்திருந்த ஒன்றிரண்டு பேர் காட்டித் தப்பித்தார்கள். சங்கிலி மாதிரி மழைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள் எதைக் காட்டுவார்கள்?

பஸ் நிறுத்தத்தில் அவர் கேட்டதற்கு மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறை காலியானதும், சீனியம்மாள் அப்பளச் சட்டியின் கடைசிக் கட்டை எடுத்தாள். குறிகளின் பட்டியல் இருந்த அட்டைகளைத் தாளோடு வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தாளில் 193 என்று இருந்த இடத்தில் அட்டையில் 192 என்று இருந்தது. மூன்றுக்குப் பக்கத்து விசை இரண்டு. விரல் ஒரு நெல் அளவு நகர்ந்திருக்கிறது. முப்பதுகளில் பிறந்த மில்காரர் அத்தனை பேரும் இருபதுகளுக்குப் போய்விட்டார்கள். அட்டையின் ஓரத்தில், மெஷினின் கடியைவிட மயிரிழை பெரிதாக, நல்லகாமனின் பஞ்ச் கடித்த கடி.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தாள். கதவு வரை போனாள். அப்போது செல்லக்கிளி கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "ஏய், சாப்பிடாம எங்க போற? எங்கம்மா கருவாட்டுக் குழம்பு குடுத்துவிட்டிருக்கு, வா" என்றாள். சீனியம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அந்த எண்ணைத் தட்டியது செல்லக்கிளியின் விரல். சொன்னால் அது தெரியும். பெற்ற தகப்பனை மகளே கிழவனாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று ஆகிவிடும். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று சீனியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அது நிஜம் மாதிரியும் ஆனது. ஆனால் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, இதில் செல்லக்கிளிக்காக எவ்வளவு, தனக்காக எவ்வளவு என்று ஒரு தராசு ஆடும். எந்தத் தட்டு தாழ்கிறது என்று பார்க்கப் பயந்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

தப்பைச் சொல்ல முடியாதவள் வேறு எதையெதையோ செய்தாள். செல்லக்கிளியின் பங்கு வேலையை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். தினம் ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கி வந்தாள். "என்னடி, என்மேல இம்புட்டுப் பாசம்?" என்று செல்லக்கிளி கன்னத்தைக் கிள்ளினாள். "எங்க வீடு இருக்கிற நெலமைக்கு நீ ஒருத்திதாண்டி ஆறுதல்."

சங்கிலி சண்டை போட்டிருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் நம்பிவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் அவரைப் பார்க்கப் போனபோது, வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மில்லுல சேர்றப்ப டாக்டரு என் வாயத் தொறந்து பல்லப் பாத்துத்தான் இருபதுன்னு எழுதுனாரு. மாட்டுச் சந்தையில பாக்குற மாதிரி. அந்தாளு பாத்தது தப்பா இருக்கும்த்தா. மிசினு பொய் சொல்லுமா? அதுக்கு என் மேல என்ன பகை? அதான் போன வருசத்துலருந்தே எனக்கு முழங்கால் பிடிச்சுச்சு. அப்பவே ஒடம்பு சொல்லியிருக்கு, எனக்குத்தான் வெளங்கல."

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்ல மாமா."

"என்ன அப்பிடி இல்ல? அறுபது வயசுக்காரன் இம்புட்டு நாளு அம்பதுக்காரன் மாதிரி ஆடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஊரு சிரிச்சிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் முன்பிருந்த சிரிப்பு இல்லை. பாதியில் இருமலாகிப் போனது. மார்கழி முழுக்க அவர் அறுபது வயதைப் பழகிக்கொண்டார். எழுந்திருக்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மீசையை மழித்துவிட்டார். தெருவில் சடுகுடு ஆடுகிற பையன்கள், "மாமா, வாங்க, நடுவரா நில்லுங்க" என்று கூப்பிட்டதற்கு, "கண்ணு தெரியலப்பா" என்றாராம். செல்லக்கிளி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் முதுகைச் சீனியம்மாள் தடவிக்கொடுத்தாள். தடவின கையை அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் வந்தது, போனது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் சீனியம்மாளின் தெருவில் ஒரு பையன் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தான். சைக்கிளைப் பார்த்ததுமே தெரிந்தது. மட்கார்டில் சிவப்புப் பெயிண்டால் வேல் வரைந்த சைக்கிள். அந்தச் சைக்கிளில் ஹேண்டில் பாரைக் கையால் தொடாமல் சங்கிலி தேருக்கு முன்னால் ஓட்டிக் காட்டியதை ஊரே பார்த்திருக்கிறது.

"யாருதுடா இது?"

"எங்கப்பா வாங்குனாருக்கா. மில்லுல ஒரு தாத்தா குடுத்தாரு. இனிமே ஓட்டி விழுந்து வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாராம்."

தாத்தா! சீனியம்மாள் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனாள். செல்லக்கிளி வரவில்லை, அப்பாவை முழங்காலுக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள் என்றார்கள். உள்ளறையில் சிவசங்கரன் அலமாரி மேல்தட்டிலிருந்து டேப் டப்பாவை இறக்கி, துடைத்து, மெட்ராஸ் விலாசத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். அது மெட்ராஸ் போய்ச் சேர்ந்தால் அதன் மேல் வேறு எதையாவது எழுதிவிடுவார்கள். அப்புறம் சங்கிலி பிறந்த வருஷம் உலகத்தில் எங்கும் இருக்காது.

சீனியம்மாள் பட்டியல் அட்டையை எடுத்துப் போய் விலாசத்தின் மேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

தொண்டை அடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் அடைத்த அதே அடைப்பு. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார்.

"இத... நான் பாக்கல சார்."

"பார்க்கலைன்னா? கடி இருக்கே?"

"மெஷினு கடிக்கல சார். எங்கண்ணன் டிக்கெட் பஞ்ச். கடைசிக் கட்டு முழுசும் அப்பிடித்தான் செஞ்சேன். இதுல மூணு வரவேண்டிய எடத்துல ரெண்டு இருக்கு."

சிவசங்கரன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளைப் பிரித்துப் பார்த்தார். மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். மில் கேட்டில் நடந்த கூச்சலெல்லாம் அவருக்கும் தெரியும். திட்டப்போகிறார் என்று அவள் நின்றாள். அவர் முதலில் செய்தது, ஒட்டின விலாசத்தை நகத்தால் சுரண்டி எடுத்ததுதான்.

"நானும் நாலு குமாஸ்தாவைப் பார்த்துட்டுத் திருப்திப்பட்டேன்" என்றார், தனக்குச் சொல்லிக்கொள்வது போல. பிறகு, "இதைத் தட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"தட்டுறதும் நீ, பார்க்கிறதும் நீயா? இந்த ஆபீஸ்ல அப்படி வழக்கம் இல்லையே."

அவள் தரையைப் பார்த்தாள். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

"மேலே எழுதணும். உன் பேரை விட்டுட்டு எழுத முடியாதும்மா."

"எழுதுங்க சார்."

"சரி. போய் அந்தக் கட்டை ஒழுங்காப் பாரு. எத்தனை நேரம் ஆனாலும் சரி."

கடைசிக் கட்டை அவள் முதலிலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு அட்டையிலும் அண்ணன் பஞ்சின் கடிமேல் மெஷினின் கடியும் விழுந்தது. அந்த ஓர் அட்டையில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குப் பதிலாக ஒரு புது அட்டையைத் தானே தட்டிச் செருகினாள். அதைச் சிவசங்கரன் கூடவே நின்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அட்டைகள் மறுபடி உள்ளே போயின. பழைய அப்பளச் சட்டி அழிந்து புதுசு ஏறியது. டேப் மறுபடி சுழன்றது. அச்சு மெஷின் கடகடவென்று காகிதத்தைத் துப்ப ஆரம்பித்ததும் சிவசங்கரன் அவளைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினார். சங்கிலி. நூற்புப் பிரிவு. 1933.

"நாளைக்குக் காலையில நானே மில்லுக்கு எடுத்துட்டுப் போறேன். அவங்க ஒத்துக்கத்தான் வேணும். ஒத்துக்கலைன்னா யூனியன் கையில ஒரு பிரதி கொடுத்துட்டு வாரேன்."

காகிதம் போய்ச் சேருமுன் தன் வாயால் சொல்லவேண்டும் என்று சீனியம்மாள் அன்றைக்குப் பஸ் ஏறவில்லை. நேராக லைன் வீட்டுக்குப் போனாள்.

சங்கிலி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தைலம் பளபளத்தது. செல்லக்கிளி வாசற்படியில் உட்கார்ந்து மாத்திரைப் பொட்டலங்களைப் பிரித்து, எது காலை எது மாலை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தா சீனி. உக்காரு. கெழவனப் பாக்க வந்தியாக்கும்?"

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பெண் பார்க்க வந்ததையும், சொல்ல வெட்கப்பட்டதையும், அண்ணன் பஞ்சையும், கடியையும், மூன்று இரண்டானதையும், டேப்பை மறுபடி விரித்ததையும் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "ஒங்களுக்கு அம்பதுதான் மாமா" என்று முடித்தாள்.

சங்கிலி நிமிர்ந்து உட்கார்ந்தார். கால்களைக் கீழே விட்டார். அப்புறம் பழைய சிரிப்பு, தெருமுனைக்குக் கேட்கிற சிரிப்பு, கிளம்பியது.

"அட, ஒரு கண்டக்டரு பஞ்சு போட்டதுலயா நான் கெழவனானேன்? நல்லவேள, ஆளையே எறக்கிவிட்டு விசில் ஊதாம விட்டானே ஒங்கண்ணன்! ஏய் செல்லக்கிளி, அந்தத் தைலத்த எடுத்துச் சாக்கடையில ஊத்து. அம்பது வயசுக்காரனுக்கு எதுக்கு?"

"மாமா, என்னைய மன்னிச்சிருங்க."

"விடுத்தா. சின்னஞ்சிறுசுக. பொண்ணு பாக்க வாரப்ப யாருக்குத்தான் கையி நெலையா நிக்கும்? தப்பு செஞ்சவ வந்து சொன்னியே, அதுக்கு மேல என்ன. காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போ."

சீனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகவா என்று இருந்தது. அப்போதுதான் செல்லக்கிளி மாத்திரைகளை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"பட்டியல் அட்டைய நாந்தான தட்டுனேன்?"

சங்கிலியின் சிரிப்பு நின்றது.

"தட்டுறவ கை தவறத்தான் செய்யும்" என்றாள் சீனியம்மாள் அவசரமாக. "அதப் பாக்கத்தான நான் இருந்தேன்? ஒம்மேல தப்பே இல்ல. சார்கிட்டயும் ஒம் பேரச் சொல்லல."

"அது தப்புன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. நேற்று என்று சொல்லலாம். இன்று காலையில் என்று சொல்லலாம்.

"கார்த்திகையில" என்றாள். "மாமா பஸ் ஸ்டாப்புல கேட்டாகள்ல, அதுக்கு மறுநா. நீ கருவாட்டுக் கொழம்பு கொண்டு வந்தியே, அன்னைக்கு."

செல்லக்கிளி அவளையே பார்த்தாள். கோபம் என்று சொல்லமுடியாத பார்வை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போலிருந்தது. அந்த மத்தியானம், பூ முழங்கள், மெஷின் மேல் கவிழ்ந்து அழுதபோது முதுகைத் தடவிய கை.

"ஏத்தா, அதான் வந்து சொல்லிட்டால்ல" என்றார் சங்கிலி. "தை பொறந்துருச்சு, எல்லாம் சரியாப்போச்சு. என்ன இப்ப? எந்திரிச்சுப் போயிக் காப்பியப் போடு."

செல்லக்கிளி எழுந்தாள். உள்ளே போய் ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் இல்லை அது. வாசலில் நின்ற சீனியம்மாளின் தோளில் இடிக்காமல் ஒதுங்கி, படி இறங்கி, தெருவில் நடந்து போனாள்.